தாலாட்டின் சுருதி எது?

கண்டி நகரில் நிகழ்ந்த மாணவர் பாட்டுப் போட்டியொன்றில், ஹந்தானை மலைச்சாரலிலிருந்து வந்த சிறுமியொருத்தி தன் பாட்டியிடம் கேட்டறிந்த தாலாட்டைப் பாடினாள். அவையினர் உருகினர். நடுவரோ, “சுருதி இல்லை” என இரண்டே சொல்லில் தீர்ப்பளித்தார். நாமும் அன்று அதனை மறுக்கவில்லை. அத்தீர்ப்பு நேரியதுதானா என ஆராய்வதே நம் நோக்கம்.

நடந்தது என்ன? மேடையில் ஆர்மோனியம் 5 கட்டையில் ஒலித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அனைவரும் அதற்கே இணங்கிப் பாடவேண்டுமென்பது விதி. சிறுமியின் குரலோ தனக்கு இயல்பான நிலையிலேயே நின்றது. லயத்துக் காம்பராவில் தொட்டிலாட்டும் தாய்க்குத் தம்பூரா ஏது? அவள் குரலே அவளுக்குச் சுருதி. ஆகவே, அங்கு இல்லாதிருந்தது சுருதியன்று; பெட்டிக்கும் குரலுக்குமுள்ள இணக்கமே.

மறுவாரம் அப்பாட்டை வகுப்பில் மீண்டும் பாடச் செய்தோம். அது ஐந்து சுரங்களில் இயங்குவது. தொடங்கிய சுரத்தையே ஆதார ஸட்ஜமெனக் கொண்டு, “மோகனம்” என்று நாம் அறிவித்துவிட்டோம். பின்வாங்கிலிருந்த மாணவனொருவன், “பாட்டு அதிலே முடியவில்லையே, சேர்!” என்றான்.

அவன் கூற்றே மெய். ஒவ்வோரடியும் வந்து இளைப்பாறியது தொடங்கிய சுரத்திலன்று, அதற்கடுத்த சுரத்தில். அச்சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் இடையறாது ஒலிக்கவிட்டுப் பாடச் செய்தோம். பாட்டு அவற்றோடு இழைந்தது. மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்தியமாவதியின் சுரவரிசை பிறக்கும். காந்தாரத்தை ஆக்கினால் இந்தோளம். பஞ்சமத்தை ஆக்கினால் சுத்தசாவேரி. தைவதத்தை ஆக்கினால் சுத்ததன்யாசி. சுரங்கள் ஐந்தும் அவையே. நிற்குமிடம் மாறப் பண்ணே மாறுகிறது. நம் முன்னோர் பண்ணுப்பெயர்த்தல் என வழங்கியதும் இதனையே. பழந்தமிழிசையின் நுட்பங்களை விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் விரித்து ஆராய்ந்தார். பட்டம் பெற்ற நாம் ஏட்டில் கற்றதனை அம்மாணவன் செவியாற் கண்டான்.

ஆயினும், தாலாட்டை “மத்தியமாவதி” என்றழைப்பதும் பொருந்தாது. சுரவரிசை ஒன்றாவதனால் இராகமும் ஒன்றாகிவிடாது. அன்றியும், உழைப்போரின் பாட்டுக்கு இராகப்பெயர் ஒரு நற்சான்றிதழாகத் தேவைப்படுவதுமில்லை.

1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரை நம் மாணவர் அறிவர். கொழுந்து பறித்த பெண்களின் பாட்டை அறியார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் நிற்குமிடத்தைப் பிறரே தீர்மானித்தனர். அவர்தம் பாட்டு நிற்குமிடத்தையும் பிறரே தீர்மானிப்பதா?

ஆசிரிய நண்பர்களே! முதலில் பாட்டை முழுமையாகக் கேளுங்கள். அது இளைப்பாறும் சுரத்தைத் தேடுங்கள். அதன் பின்னரே பெட்டியைத் திறவுங்கள். நாம் அச்சிறுமியை அழைத்து, பிழை எம்முடையதே என்று வகுப்பறிய உரைத்தோம். அவள் பாட்டின் எஞ்சிய அடிகளையும் பாடினாள். இம்முறை சுருதியை அவள் தந்தாள். ஆர்மோனியம் அதனைப் பின்பற்றியது.