புழுவெட்டும் இருபது என்னும் எல்லையும்: முடிநோய் மருந்தாய்வுகளின் வெற்றி அளவை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தலையில் நாணய அளவில் வட்டமாக முடி உதிர்ந்து, தோல் வழவழப்பாகத் தெரியும் நோயைத் தமிழ் மக்கள் புழுவெட்டு என வழங்குகின்றனர். மருத்துவ நூல்கள் அதனை அலோபீசியா ஏரியேட்டா என்கின்றன. புழு வெட்டியது போன்ற தோற்றத்தைச் சுட்டும் மக்கள் பெயர், புறத்தே தெரியும் திட்டை மட்டுமே காண்கிறது. உண்மையில் இந்நோயில் புழுவுக்கும் கிருமித் தொற்றுக்கும் இடமில்லை. உடலைக் காக்க வேண்டிய டி-உயிரணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் உண்டாகும் தன்னுடல் தாக்குநோய் இது. அண்மைக்கால மருந்தாய்வுகள் அகத்தேயுள்ள இக்காரணத்தைச் சரியாக இனங்கண்டன. ஆயினும், மருந்தின் வெற்றியை அளக்க அவை தேர்ந்துகொண்ட அளவை மீண்டும் புறத்தோற்றத்திலேயே நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஆய்வுகளின் பேறு

இந்நோயில் மயிர்க்கால் அழிவதில்லை. தாக்குதலுக்கு உள்ளாகி முடியை உண்டாக்காமல் ஒடுங்கியிருக்கிறது. எனவே பல ஆண்டுகளுக்குப் பின்னும் முடி மீண்டும் வளர வாய்ப்புண்டு. தாக்குதலைத் தூண்டும் செய்திகள் ஜானஸ் கைனேஸ் என்னும் நொதிகளின் வழியே உயிரணுவுக்குள் கடத்தப்படுகின்றன. அந்நொதிகளைத் தடுத்தால் முடி வளரக்கூடும் என்பதை எலிகளிடத்தும் சில நோயாளரிடத்தும் காட்டிய ஆய்வு 2014ஆம் ஆண்டு நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்தது.

அதன் தொடர்ச்சியாக, பாரிசிடினிப் என்னும் மாத்திரையைச் சோதித்த பிரேவ்-ஏஏ1, பிரேவ்-ஏஏ2 ஆகிய இரு பேராய்வுகளின் முடிவுகள் 2022ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. முதலாவதில் 654 பேரும் இரண்டாவதில் 546 பேரும் பங்கேற்றனர். 36 வாரங்களின் முடிவில், நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் உட்கொண்டோரில் முறையே 38.8, 35.9 விழுக்காட்டினர் வெற்றி எல்லையை எட்டினர். வெற்று மாத்திரை உட்கொண்டோரில் அவ்வாறு எட்டியவர்கள் 6.2, 3.3 விழுக்காட்டினர் மட்டுமே. அதே ஆண்டு சூன் திங்களில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. 2023இல் ரிட்லெசிட்டினிப்பும் 2024இல் டியூருக்ஸோலிட்டினிப்பும் ஒப்புதல் பெற்றன. உட்கொள்ளும் மருந்து எதுவும் இந்நோய்க்கென முறையாக ஒப்புதல் பெற்றிராத நிலையை இவை மாற்றின. இப்பேற்றை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

அளவையின் கணக்கு

மேற்சுட்டிய விழுக்காடுகள் எதனைக் குறிக்கின்றன? சால்ட் எனப்படும் அளவை தலைத்தோலை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது. உச்சிக்கு 40, பின்பகுதிக்கு 24, இரு பக்கங்களுக்கும் தனித்தனியே 18 எனப் பங்கீடு செய்து, முடியிழந்த பரப்பைக் கூட்டுகிறது. முடி முழுமையாக இருந்தால் 0. முற்றிலும் உதிர்ந்தால் 100. ஆய்வில் சேர்வதற்கு 50 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பு வேண்டும். 20 அல்லது அதற்குக் கீழ் வந்தால் வெற்றி. இந்த 20 என்னும் எல்லை மனம்போன போக்கில் வகுக்கப்பட்டதன்று. நோயாளரிடமும் மருத்துவரிடமும் கேட்டறிந்து, தலையில் 80 விழுக்காடு முடி இருப்பதே பொருளுள்ள மீட்சி என வரையறுக்கப்பட்டது.

எனினும் கணக்கிட்டுப் பார்த்தால் மூன்று இடர்ப்பாடுகள் புலப்படுகின்றன. முதலாவது, தொடக்க நிலை மறைந்துவிடுகிறது. 50இல் தொடங்கி 20ஐ எட்டியவர் 30 புள்ளிகள் மீண்டு வெற்றி பெற்றவராகிறார். 100இல் தொடங்கி 25ஐ எட்டியவரோ 75 புள்ளிகள் மீண்டும் தோல்விப் பட்டியலில் இடம்பெறுகிறார். இரண்டாவது, இடம் மறைந்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் முடி முழுதும் இல்லாத தலைக்கும் இவ்வளவையில் மதிப்பு 18தான், அதுவும் வெற்றியே. கண்ணாடி முன் நிற்பவர் அவ்வாறு கருதுவாரா என்பது ஐயத்திற்குரியது. மூன்றாவது, தலைக்கு அப்பாற்பட்ட உறுப்புகள் கணக்கில் வருவதில்லை. புருவமும் இமைமுடியும் முற்றிலும் உதிர்ந்தாலும் சால்ட் மதிப்பு ஒரு புள்ளியும் உயராது. இந்நோயருள் பலரது நகங்களில் ஊசி குத்தினாற்போன்ற குழிகளும் சொரசொரப்பும் தோன்றுகின்றன. அவற்றுக்கும் இதில் இடமில்லை.

பிரேவ் ஆய்வாளர் புருவத்தையும் இமைமுடியையும் துணை அளவைகளால் தனியே மதிப்பிட்டனர். தொடக்கநிலைக் கடுமையின் அடிப்படையிலும் முடிவுகள் பகுத்துக் காட்டப்பட்டுள்ளன. முடியை ஏறத்தாழ முழுவதும் இழந்தோரிடையே வெற்றி வீதம் குறைவு என்பது அப்பகுப்பில் தெளிவாகிறது. ஆனால் செய்தியாகவும் விளம்பரமாகவும் நோயாளரைச் சென்றடைவது தலைமை விழுக்காடு ஒன்றே. துணைமுடிவுகள் ஆய்வேட்டின் அட்டவணைகளிலேயே தங்கிவிடுகின்றன.

காலம் என்னும் விடுபாடு

இவற்றினும் முதன்மையானது காலம் பற்றிய வினா. 36ஆம் வாரத்தில் எடுக்கப்படும் மதிப்பு அந்நாளில் தலையின் நிலையைச் சொல்லும். நோய் நீங்கியதா என்பதைச் சொல்லாது. பிரேவ்-ஏஏ1 ஆய்வின் பிற்பகுதியில், பயன் பெற்றோர் சிலருக்கு மருந்து நிறுத்தப்பட்டு வெற்று மாத்திரை வழங்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் வளர்ந்த முடியை மீண்டும் இழந்தனர். மருந்து நோயின் வேரைக் களையவில்லை, அடக்கி வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

கடுந்தொற்று, புற்றுநோய், இதய நோய், குருதிக்கட்டு முதலியவை குறித்த கட்டமிட்ட எச்சரிக்கையை இவ்வகை மருந்துகள் தாங்கியுள்ளன. எனவே இருபது வயதினர் ஒருவர் மாத்திரையைத் தொடங்குமுன் அறிய வேண்டியது, முடி வளருமா என்பது மட்டுமன்று. எத்தனை ஆண்டுகள் உட்கொள்ள வேண்டும், நிறுத்தினால் என்னவாகும் என்பனவும் ஆகும். தலைமை விழுக்காடு இவ்வினாக்களுக்கு விடை தருவதில்லை.

முடிவுரை

சால்ட் அளவையைக் கைவிட வேண்டும் என்பது இத்திறனாய்வின் கருத்தன்று. வெவ்வேறு ஆய்வுகளை ஒப்பிட ஒரு பொது அளவை தேவை. வெற்று மாத்திரைக் குழுவுடன் காணப்படும் பெரும் வேறுபாடு மருந்தின் ஆற்றலையும் ஐயமின்றி நிறுவுகிறது. அவ்வெண் தனித்து நிற்கலாகாது என்பதே இங்கு வற்புறுத்தப்படுகிறது. தொடக்க நிலையிலிருந்து பெற்ற மீட்சி, புருவம், இமை, நகம் ஆகியவற்றின் நிலை, மருந்தை நிறுத்திய பின் நிகழ்வது ஆகிய மூன்றும் தலைமை முடிவோடு ஒரே வரிசையில் வைக்கப்பட வேண்டும். இம்மருந்துகளைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்கும் இக்கடமை உண்டு. புழுவெட்டு என்னும் பெயர் நோயின் காரணத்தை மறைத்தது, 38.8 என்னும் எண்ணை மட்டும் பெயர்த்துத் தருவது நோயின் போக்கை மறைத்துவிடும்.