மரை பொருந்தினால் போதுமா?

வேட்டை ரைபிளின் குழல்முனையில் திருகி மாட்டும் ஒலியடக்கி என்றவுடன், திரைப்படங்களில் கொலைகாரன் கையில் காணும் மர்மக் கருவியே பலருடைய மனத்தில் எழுகிறது. ஆயினும் மான்களின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைப்பதையே ஜீவனமாகக் கொண்ட பிரிட்டிஷ் வேட்டைக்காரருக்கும், பின்லாந்திலும் நியூசிலாந்திலும் வேட்டையாடுவோருக்கும், அது செவியைக் காக்கும் சாதாரண உபகரணமேயன்றி வேறில்லை. சுமார் 160 டெசிபெல் அளவில் வெடித்தெழும் ஓசையை அது 20 முதல் 30 டெசிபெல் வரை தணிக்கிறது. குண்டு ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறப்பதனால் காற்றில் எழும் வெடிப்பொலியை மட்டும் அதனால் அடக்க இயலாது. 1909-இல் அமெரிக்காவில் ஹைரம் பெர்சி மாக்சிம் இதற்குக் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு இதன் உள்ளமைப்பு எவ்வளவோ மாறிவிட்டது. இன்று குழலோடு இதனைப் பிணைப்பது பெரும்பாலும் மரைதான். அந்த மரையின் எண்ணைப் படித்து, அதே எண்ணுள்ள ஒலியடக்கியை வரவழைத்து, கையால் திருகி மாட்டி, காரியம் முடிந்ததென்று நிம்மதி கொள்ளும் வழக்கம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இங்கு ஆராயவேண்டிய விஷயம்.

மரைகள் பலவிதமாக இருப்பதைக் கண்டு, உற்பத்தியாளரின் பிடிவாதமே இதற்குக் காரணம் என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் பாதிதான் நியாயம். .22 ரிம்ஃபயர் ரைபிளுக்குப் பிரிட்டனில் வழக்கமான அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று என்ற மரையை எடுத்துக்கொள்வோம்: மரையின் அடிவிட்டம் ஏறத்தாழ 11.1 மில்லிமீட்டர், சிறிய துவாரம் போக, சுற்றிலும் 2.7 மில்லிமீட்டர் எஃகு மிஞ்சுகிறது. அதே மரையை .308 போன்ற பெரிய ரவைக்குரிய குழலில் வெட்டினாலோ, துவாரம் 7.8 மில்லிமீட்டராக விரிந்துவிடுவதால், மிஞ்சும் சுவர் 1.6 மில்லிமீட்டரே. ஆகவேதான் அத்தகைய ரைபிள்களுக்கு அமெரிக்கர் 5/8 அங்குலம், 24 சுற்று என்ற மரையையும், ஐரோப்பியர் 14, 15, 17, 18 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் பிட்ச்சும் (அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட மரைகளையும் வகுத்துக்கொண்டனர். குழலின் கனத்துக்கும் குண்டின் பருமனுக்கும் ஏற்ப மரை மாறுவது பௌதிக நியதி. அதனை ஒரே அளவாக்க முயல்வது பேதைமை. எண்ணைப் பார்த்து வாங்கும் வழக்கத்துக்கும் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஒரே மரையுள்ள இரண்டு மூன்று ரைபிள்களுக்கு ஓர் ஒலியடக்கியே போதும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வாங்கவேண்டிய சிரமம் மிச்சமாகிறது.

அபாயம் தோன்றுவது எண்கள் அருகருகே நிற்குமிடத்தில்தான். 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. 1864-இல் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் அமெரிக்காவுக்கு முன்மொழிந்தது 60 பாகை. இரண்டாம் உலகப்போரில் ஒரு நாட்டின் உதிரிப்பாகம் மறுநாட்டு இயந்திரத்தில் சேராத தொல்லையைப் பட்டுணர்ந்தபின், 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடி 60 பாகையுள்ள பொது மரை ஒன்றை ஏற்றன. மெட்ரிக் மரைக்கும் கோணம் அதே 60 பாகைதான். இந்த ஒற்றுமை உலக வர்த்தகத்துக்கு நன்மை செய்தது மெய்யே. அதுவே இங்கு கைக்கு ஒரு பொய்ச்சாட்சியாகவும் ஆகிவிடுகிறது. 15 மில்லிமீட்டர் மெட்ரிக் குழலின்மேல் 5/8 அங்குல ஒலியடக்கியை ஒருவர் திருகுவதாகக் கொள்வோம். 5/8 அங்குலம் என்பது 15.875 மில்லிமீட்டர், 24 சுற்றின் பிட்ச் 1.058 மில்லிமீட்டர். விட்டத்தில் இடைவெளி தாராளமாக இருப்பதால், சுற்றுக்கு 0.058 மில்லிமீட்டராகச் சேரும் பிட்ச் வேற்றுமை உடனே தடுப்பதில்லை. ஏறத்தாழ எட்டுச் சுற்றுவரை விரலின் லேசான முயற்சியிலேயே அது ஏறிவிடும். ஆனால் உள்மரையின் குறுகிய விட்டம் 14.73 மில்லிமீட்டர் ஆகையால், இருபுற மரைகளும் ஒன்றையொன்று பற்றுவது பக்கத்துக்கு வெறும் 0.13 மில்லிமீட்டர் ஆழமே. ஒவ்வொரு சுடலிலும் வாயுவின் உதையைத் தாங்கவேண்டிய பிணைப்பு மரைநுனிகளின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் ஆடினால் என்ன, இறுக்கினால் சரியாகிவிடும் என்று ஸ்பானரை எடுப்பவர் மரையைக் கெடுப்பதோடு நில்லாமல், எதிரே நிற்பவரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

ஒரே விட்டத்தில் 20 சுற்றும் 28 சுற்றும் உண்டு. கலாஷ்னிகோவ் இனத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் 14 மில்லிமீட்டர் மரை இடப்புறமாகச் சுழல்கிறது. இவை முதற்சுற்றிலேயே முரண்டிக்கொள்வதால் கவனமுள்ளவர்க்குப் பெரும் தீங்கு செய்வதில்லை. முரண்டாமல் இசைந்து ஏறுவதே அஞ்சத்தக்கது.

இனி, எண் முற்றிலும் பொருந்திய இடத்துக்கு வருவோம். இந்த வழக்கத்தின் மூலக்குறை அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மரையின் தொழில் பிடித்துக்கொள்வது. நேராக நிறுத்துவது அதன் தொழிலன்று. சுலபமாக ஏறி இறங்கவேண்டி எந்த மரையிலும் சற்று இளக்கம் விட்டே வெட்டுகிறார்கள். ஒலியடக்கியைத் துவாரத்தின் நேர்க்கோட்டில் நிறுத்துவது, மரை முடியுமிடத்தில் குழலைச் சுற்றி வெட்டப்பட்டிருக்கும் தோள். 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள அத்தோளின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 0.05 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், ஒரு தாள் கனமும் வராத அந்தக் கோணல், 200 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒலியடக்கியின் உள்ளே குண்டு கடந்து செல்லும் துளையுள்ள தடுப்புத் தகடுகளில் கடைசியானதை அடையும்போது அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகலாகிவிடுகிறது. குண்டுக்கும் தகட்டின் துளை விளிம்புக்கும் இடையே பல கருவிகளில் விட்டிருக்கும் இடமே ஏறத்தாழ அவ்வளவுதான். குண்டு தகட்டை உரசினால் குறி தவறும். மோதினால் கருவி பிளக்கும். குழலில் பொறித்த எண் இவற்றில் எதையும் சொல்வதில்லை.

இவ்வாறிருக்க, மரை பொருந்தாத இடத்தில் அடாப்டர் ஒன்றை நடுவே நுழைத்துச் சமாளிக்கும் பழக்கத்தை என்னால் முழுமனத்தோடு ஆதரிக்க முடியவில்லை. ஒரு தோளுக்குப் பதில் இரண்டு தோள்கள், ஓர் இளக்கத்துக்குப் பதில் இரண்டு இளக்கங்கள் என்று பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகின்றன. ஒலியடக்கியைக் கழற்றும்போது அடாப்டரும் சேர்ந்து கழன்று வருவது வேறு தொல்லை. அழுத்தம் குறைந்த .22 ரிம்ஃபயரில், செம்மையாகக் கடைந்த அடாப்டரைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ரைபிளில் அது மிச்சம் பிடிக்கும் பணம், லேத் பட்டறையில் குழலுக்குச் சரியான மரை வெட்டிக்கொள்ளும் கூலியின் ஒரு பகுதிதான். அதற்காக ஏற்கும் அபாயமோ அதற்கு ஒப்பாகாது.

பிரிட்டனில் மரை வெட்டிய குழலை விற்பதற்கு முன், லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையில், வழக்கத்தை விஞ்சிய அழுத்தமுள்ள ரவையால் மறுபடியும் சோதித்து முத்திரை பெறவேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. எனினும் அம்முத்திரை குழலின் பலத்துக்கு அத்தாட்சி. அதன்மேல் பின்னர் மாட்டப்போகும் ஒலியடக்கி நேராக நிற்கும் என்பதற்கு அத்தாட்சியன்று. அந்த இடைவெளியை நிரப்பவேண்டியவர் துப்பாக்கி வினைஞரே. மரை கேஜால் குழலையும் ஒலியடக்கியையும் தனித்தனியே அளந்து, இரண்டையும் பூட்டியபின், குழலின் துவாரத்தில் ஆடாமல் நுழையும் அளவுள்ள நேரான எஃகுக் கோல் ஒன்றைக் காலியான குழலுக்குள் செலுத்தி, ஒலியடக்கியின் வாயிலில் அது நடுவே நிற்கிறதா என்று பார்ப்பது அவருக்குச் சில நிமிஷ வேலை. உற்பத்தியாளர்கள் விட்டம், பிட்ச், சுழலும் திசை ஆகிய மூன்றையும் குழலிலும் கருவியிலும் முழுமையாகப் பொறிக்கவேண்டும். விற்பனையாளர்கள் அந்தக் கோற்சோதனை முடியாமல் பெரிய ரைபிளுக்கு ஒலியடக்கியைக் கையில் கொடுக்கலாகாது. வாங்குவோரும் அச்சோதனையைத் தம் கண்ணெதிரே செய்துகாட்டும்படி கேட்கத் தயங்கவேண்டாம்.