விலை சொன்னவளும் விலை கேட்டவனும்

'அங்காடி' இன்று பெயர்ப்பலகைச் சொல். நியாயவிலை அங்காடி, பல்பொருள் அங்காடி என்று எழுதி மாட்டுகிறோம். வாயில் வருவதென்னவோ கடை, சந்தை, மார்க்கெட்தான். கன்னடத்திலும் மலையாளத்திலும் அது இன்னும் பேச்சுச் சொல். பழந்தமிழில் நாளங்காடி என்றால் பகல் சந்தை, அல்லங்காடி என்றால் இரவுச் சந்தை. மதுரைக்காஞ்சியின் நாளங்காடியில் தலை நரைத்த முதிய பெண்கள் பூவும் மணப்பொருளும் வீடுவீடாகக் கொண்டுபோய் விற்கிறார்கள். அகநானூறு 93-ஆம் பாட்டில் அதே கூடல் நாளங்காடி காதலியின் நெற்றி மணத்துக்கு உவமையாகிவிட்டது. பூ விற்ற கிழவிகளைக் காணோம். மணம் மட்டும் இருக்கிறது.

எங்கள் தூத்துக்குடிக் கரைக்கும் இதே கதிதான். ஐங்குறுநூறு 185-இல் அம்மூவனார் கொற்கைத் துறை முத்தை ஒரு சிறுபெண்ணின் பல்லுக்கு உவமையாக்குகிறார். சரக்கின் பெயரெல்லாம் பெண்ணின் உறுப்புக்குப் போய்ச் சேர்கிறது.

ஆனால் இதே அம்மூவனாரின் அகநானூறு 390-ஐ அப்படித் தள்ளிவிட முடியவில்லை. உப்பு விற்கும் பெண் ஒருத்தி, நெல்லுக்கு உப்பு சரிக்குச் சரி என்று சேரிதோறும் கூவிப் போகிறாள். விலையை அவள்தான் வைக்கிறாள். ஒருவன் வழியை மறித்து, உன் உடம்பில் இருக்கும் உப்புக்கு என்ன விலை என்கிறான். வகுப்பில் இதைக் காதல் குறும்பு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியர் சிரித்தார், பையன்கள் சிரித்தார்கள். 'விலைஞர்' என்றால் விற்பவர். 'விலைமகள்' என்றால் விற்கப்படுபவள் என்று மொழியே பிரித்து வைத்திருக்கிறதே, அந்தப் பிரிவினை இந்தக் கேள்விக்குள் இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அவள் புன்னகைத்தாள் என்கிறது பாட்டு. சொல்பவன் அவன். திரேஸ்புரத்தில் மீன் எடுத்துக் கூடையோடு தெருத்தெருவாகப் போகும் அக்காமாரைக் கேளுங்கள். பேரத்துக்கு நடுவே வரும் இரட்டை அர்த்தப் பேச்சுக்கு அவர்களும் சிரித்துவைப்பார்கள். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், மீன் கெட்டுவிடும். உப்புக்காரியும் அங்கே நிற்கவில்லை, விலகிப் போகிறாள். அதனால் அந்தச் சிரிப்பை நான் சம்மதமாகப் படிப்பதில்லை. போவதற்கு முன் அவள் கேட்டது இன்னொன்றும் இருக்கிறது: எங்களை மறிக்க நீங்கள் யார் என்று. அதற்கு அவன் பதில் சொன்னதாகப் பாட்டில் இல்லை. தன் நெஞ்சு அவள் பின்னே போய்விட்டது என்கிறான்.