தமிழ்த் திரைக்கு எந்திரச் சோதனை போதுமா?

செஞ்சி வட்டத்தில் நிலம் வைத்திருப்பவர் தம் பட்டாவைப் பார்க்க இன்று வட்டாட்சியர் அலுவலகப் படியேற வேண்டியதில்லை. தமிழக அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்து பட்டா எண்ணை இட்டுப் பார்க்கலாம். திரையைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதால், அவற்றைப் பல மொழிகளில் காட்டும் வழிகாட்டிச் செயலிகளிலும் இவ்வூர்ப் பெயர் இடம்பெறக்கூடும். இத்தகைய மென்பொருள்கள் அடிக்கடி மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒவ்வொரு மொழியின் ஒவ்வொரு திரையையும் ஆள் வைத்துப் பார்ப்பது நடக்காத காரியம். அதனால்தான் பொத்தானை அழுத்துவதையும் விடையைச் சரிபார்ப்பதையும் நிரலிடம் ஒப்படைக்கிறார்கள். 2004-இல் பிறந்த செலினியம் என்னும் சோதனைக் கருவி இந்த வழக்கத்தைப் பரப்பியது. பின்னர் அதனோடு இணைந்த வெப்டிரைவர் 2018-இல் இணையத் தரமாகவே ஆனது. இந்த முறை தேவையா என்பதில் எனக்கு ஐயமில்லை. அது எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழை அளக்கிறது என்பதே என் கேள்வி.

அதன் பலம் சிறியதல்ல. மொழிபெயர்க்காமல் விடுபட்ட ஆங்கிலச் சொல், பெயர் வர வேண்டிய இடத்தில் அப்படியே நிற்கும் அடைப்புக்குறி, வேலை செய்யாத பொத்தான் ஆகியவற்றை அது இரவோடு இரவாகக் கண்டுபிடித்துவிடும். நேற்றுச் சரியாக இருந்தது இன்று கெட்டால் காலையிலேயே சொல்லிவிடும். மனிதக் கண் இதில் அதனோடு போட்டியிட முடியாது. மொழிபெயர்ப்பு வருமுன்னரே சோதிக்க ஒரு வழியும் உண்டு: ஆங்கில எழுத்துகளுக்கு மேற்குறிகள் சேர்த்து, சொற்களை நீட்டி, ஒரு போலி மொழியை ஓடவிட்டுப் பார்ப்பது. ஆண்ட்ராய்டிலேயே அப்படிப்பட்ட போலி மொழிகள் இருக்கின்றன. இடப் பற்றாக்குறையை அது நன்றாகவே காட்டும். ஆனால் எத்தனை குறி சேர்த்தாலும் அது ஆங்கிலம்தான். மெய்யெழுத்துக்குப் பின் சேமிக்கப்பட்டு முன்னால் தோன்றும் எகரக் குறியோ, எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கும் ஓகாரக் குறியோ அந்தப் போலி மொழியில் கிடையாது.

இங்கேதான் குறை தொடங்குகிறது. 'செஞ்சிக்கோட்டை' என்பதில் படிப்பவர் காண்பது ஏழு எழுத்து. யூனிகோடில் அது பதினான்கு குறியெண். 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் எனப் பிரித்தும் எழுதலாம்; பிரித்தால் பதினைந்து. இரண்டும் சமம் என்று யூனிகோடே வகுத்திருக்கிறது. அதை அறியாமல் எழுதிய சோதனை, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களை வேறு வேறு என்று கூறித் தோல்வி காட்டும். இது பொய் எச்சரிக்கை; எரிச்சல் தரும், ஆனால் யாரையும் ஏமாற்றாது. ஏமாற்றுவது பொய்த் தேர்ச்சிதான். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை திரையின் படத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்துக்குள் இருக்கும் உரையை எடுத்து ஒப்பிடுகின்றன. சோதனைக் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் திரை முழுதும் வெறுங்கட்டங்களாக நின்றாலும் உள்ளே உரை சரியாக இருப்பதால் தேர்ச்சி என்றே பதிவாகும். பொத்தானின் உயரம் குறைவாக இருந்து மேலே புள்ளி வெட்டுப்பட்டால் 'பட்டா' திரையில் 'படடா' ஆகிவிடும். அதையும் இந்தச் சோதனை காணாது. ஆங்கிலத்தில் 'i' எழுத்தின் மேற்புள்ளி போனாலும் சொல் விளங்கும். தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு.

இலக்கணத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஊர்ப் பெயரோடு 'இல்' என்பதை ஒட்டும்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். செஞ்சிக்குச் 'செஞ்சியில்' என்றும், மேல்மலையனூருக்கு 'மேல்மலையனூரில்' என்றும், திண்டிவனத்துக்குத் 'திண்டிவனத்தில்' என்றும் வர வேண்டும். நிரலோ மூன்றுக்கும் ஒரே ஒட்டுப்போட்டுத் 'திண்டிவனம்இல்' என்று காட்டும். சோதனை எதிர்பார்க்கும் விடையும் அதே மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து, அதே ஒட்டுமுறையில் தயாராவதால் தவறும் தவறும் பொருந்திப் பச்சைக்குறி விழுகிறது. தன்னைத் தானே சாட்சியாக வைத்துக்கொள்ளும் இந்தச் சுழற்சியே இம்முறையின் ஆழமான பிழை என்பது என் கணிப்பு. எழுத்துருவை நிறுவிவிடலாம், பொத்தானை உயர்த்திவிடலாம்; இந்தப் பிழையைத் தமிழ் தெரிந்த ஒருவர் தேடினாலொழிய அது இருப்பதே தெரியாது.

திரையின் படத்தையே எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். வெறுங்கட்டங்களையும் வெட்டுப்பட்ட புள்ளியையும் அது பிடிக்கக்கூடும். ஆனால் முதல் படம் சரியானது என்று ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்த ஒருவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிழையே முன்மாதிரியாகிவிடும். செயற்கை நுண்ணறிவு படித்துச் சொல்லிவிடுமே என்பது அடுத்த வாதம். ஒட்டுப்பிழைகளில் பலவற்றை அது சுட்டிக்காட்டும் என்பதை மறுக்கவில்லை. முதல் சல்லடையாக அதை வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் 'அ-பதிவேடு', 'புல எண்', 'உட்பிரிவு' போன்ற வருவாய்த்துறைச் சொற்கள் அந்தத் திரையில் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்பதற்கு அதன் சொல்லை மட்டும் நம்பி விடுவதை நான் ஏற்க மாட்டேன். அங்கே தவறு நேர்ந்தால் அலைவது நிலத்துக்குச் சொந்தக்காரர்.

செலவு என்ற மறுப்பு மட்டும் கனமானது. ஆள் வைத்து எல்லாத் திரையையும் படிக்க முடியாது என்பதை நானே மேலே ஒப்புக்கொண்டேன். ஆனால் எல்லாத் திரையையும் ஒவ்வொரு முறையும் படிக்கச் சொல்லவில்லை. ஒட்டும் வரிகளுக்கு மட்டும் மகர மெய்யில் முடியும் ஊர், இகரத்தில் முடியும் ஊர், பிற மெய்யில் முடியும் ஊர் என்று மாதிரிப் பெயர்களைத் தேர்ந்து, சரியான விடையைக் கோப்பிலிருந்து எடுக்காமல் தமிழறிந்தவர் கையால் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அதன்பிறகு அதையே எந்திரம் எத்தனை முறையும் சோதித்துக்கொள்ளும். உரையை ஒப்பிடுமுன் குறியெண் வடிவங்களைச் சீராக்குவதும், சோதனைக் கணினியில் தமிழ் எழுத்துரு உள்ளதா என்று முதலில் பார்ப்பதும் சில வரி நிரல் வேலைதான். கூடுதல் செலவு தொடக்கத்தில் மட்டுமே.

ஆகவே அரசுத் துறைகள் மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது 'தமிழிலும் இயங்க வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடக் கூடாது. தமிழுக்கென்று தனியே எழுதிய சோதனைகளையும், அவற்றின் விடைகளைச் சரிபார்த்த தமிழறிந்தவரின் ஒப்புதலையும் கேட்டு வாங்க வேண்டும். அவை வந்து சேராதவரை பணி முடிந்ததாக ஏற்கக் கூடாது.