தாளின் முகமும் தாளின் வாக்கும்

ஜெர்மனி இரண்டாகக் கிடந்த காலத்தில், கிழக்கில் இருந்த டிரெஸ்டன் நகரத்தாரின் பையில் இருந்த பத்து மார்க் தாளில் கிளாரா செட்கின் இருந்தார். பெண்ணுரிமைக்கும் பொதுவுடைமைக்கும் போராடியவர். 1990 ஜூலை 1 அன்று கிழக்கின் பணம் போய் மேற்கின் மார்க் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று வெளியான புதிய நூறு மார்க் தாளில் இன்னொரு கிளாரா, பியானோ மேதை கிளாரா ஷூமான். இருவரும் டிரெஸ்டன் இருக்கும் சாக்ஸனியில் பிறந்தவர்கள். ஷூமான் 1844இலிருந்து ஆறு ஆண்டுகள் டிரெஸ்டனிலேயே குடியிருந்தார். எல்லாவற்றிலும் முட்டிக்கொண்ட இரண்டு அரசுகள், தாளில் ஒரு சாக்ஸனிப் பெண்ணை ஏற்றுவதில் மட்டும் ஒத்துப்போயிருக்கின்றன. 2002 ஜனவரி 1 அன்று யூரோ வந்தபோது தாளில் ஆளே இல்லை.

யூரோத் தாளைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை இதுதான். ஆஸ்திரிய மத்திய வங்கியின் ராபர்ட் கலினா வரைந்த அந்தத் தாள்களின் முன்பக்கம் சாளரங்களும் வாயில்களும், பின்பக்கம் பாலங்கள். ரோமானியப் பாணி, கோத்திக் பாணி என்று ஒவ்வொரு காலத்துக் கட்டடக்கலையும் உண்டு. ஆனால் எந்தப் பாலமும் எந்த ஆற்றின் மீதும் இல்லை. ஒரு நாட்டுப் பாலத்தைப் போட்டால் இன்னொரு நாடு கோபித்துக்கொள்ளும் என்று கற்பனைப் பாலங்களையே வரைந்தார்கள். நெதர்லாந்தின் ஸ்பைக்கனிஸ் என்ற ஊர் பிறகு அந்த ஏழு பாலங்களையும் நிஜமாகவே கட்டி முடித்தது தனி வேடிக்கை.

இந்த எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடலாமா? டிரெஸ்டனில் இருந்து பார்த்தால் அவ்வளவு எளிதாக முடியாது. எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கை 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. அதன் குறுக்கே வால்ட்ஷ்லோஸ்ஷன் பாலம் கட்டத் தொடங்கியதால் 2009இல் அந்தப் பட்டம் பறிபோனது. ஊர் இரண்டு பட்டது, வழக்குகள் நடந்தன, 2013இல் பாலம் திறந்தே விட்டது. 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் இதே ஊரின் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. நிஜப் பாலம் என்றால் வழக்கும் வரும், விரிசலும் வரும். தாளில் இருக்கும் பாலத்துக்கு இரண்டும் இல்லை.

ஆனாலும் இந்த வாதம் பாதி வழியில் நொண்டுகிறது. யூரோ நாணயங்களில் ஒரு பக்கம் அந்தந்த நாட்டுக்கு விடப்பட்டிருக்கிறதே. 2016இல் ஜெர்மனி வெளியிட்ட இரண்டு யூரோ நினைவு நாணயத்தில் டிரெஸ்டனின் ஸ்விங்கர் அரண்மனை இருக்கிறது. அது லிஸ்பனிலும் செல்லும், ஏதென்ஸிலும் செல்லும். சண்டை எதுவும் வரவில்லை. டிரெஸ்டனிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் செக் எல்லை. அங்கே இருநூறு கொருணா தாளில் கல்வியாளர் கொமென்ஸ்கி, ஐந்நூறில் எழுத்தாளர் போஷெனா நெம்ட்ஸோவா. தாளைப் பார்த்தாலே எந்த மண்ணில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். யூரோத் தாள் அதைச் சொல்வதில்லை. ஐரோப்பிய மத்திய வங்கிக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். 2025 ஜனவரியில் அடுத்த வரிசைத் தாள்களுக்கான இரண்டு கருப்பொருள்களில் என்னென்ன படங்கள் வரலாம் என்று அறிவித்தது: ஒன்றில் பேத்தோவன், மேரி கியூரி, செர்வான்டஸ் போன்ற முகங்கள், மற்றதில் ஆறுகளும் பறவைகளும். படம் என்ற அளவில் யூரோ தோற்ற தாள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் முகம் இருந்துவிட்டால் மட்டும் தாள் உயர்ந்துவிடுமா என்ன? கிழக்கு ஜெர்மனியின் நூறு மார்க்கில் மார்க்ஸ், ஐம்பதில் ஏங்கெல்ஸ். செட்கின் தாளைத் திருப்பினால் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருப்பார். நன்றாக வரைந்த படங்கள்தான். ஆனால் ரொட்டி வாங்கப் போகிறவருக்கும் பாடம் நடத்துகிற படங்கள். நம் நாட்டில் 1996இல் தொடங்கிய வரிசையின் எல்லாத் தாளிலும் காந்தி. எங்கும் அவரே இருப்பதால் யாரும் அவரைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்தில் தூக்கி நீரோட்டப் படம் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறோம். 1954இல் வந்த ஆயிரம் ரூபாய்த் தாளில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. அன்றைய ஆயிரம் ரூபாயைத் தஞ்சாவூர்க்காரர்களில் எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? 1978 ஜனவரியில் அந்த மதிப்புத் தாளையே செல்லாதென்று அறிவித்துவிட்டார்கள்.

அழகு பணத்துக்கு என்ன செய்யும் என்று காட்ட டிரெஸ்டன் அரண்மனையிலேயே ஒரு சான்று உண்டு. அங்குள்ள நாணயக் கூடத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் பொருள்கள் இருக்கின்றன. ஃப்ரைபெர்க் சுரங்க வெள்ளியால் செழித்த அரச குடும்பத்தின் சேகரிப்பு. தாலர்களையும் தங்கத்தையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது சுட்ட மண்ணில் செய்த காசு. முதல் உலகப் போருக்குப் பின் சில்லறைக்கு உலோகம் கிடைக்காமல் திண்டாடிய சாக்ஸனி அரசு, பக்கத்து ஊரான மெய்ஸனின் பீங்கான் ஆலையிடம் காசு கேட்டது. 1920, 1921 ஆண்டுகளில் அந்த ஆலை பழுப்பு நிறக் களிமண்ணில் காசு சுட்டுக் கொடுத்தது. ஐரோப்பாவில் பீங்கான் செய்யும் வழியைக் கண்டுபிடித்த போட்கர், அதற்குச் சற்று முன்பு உருவாக்கிய அதே கல்மண். இருபது பெனிக்கில் தொடங்கி இருபது மார்க் வரை போனது. ஓரம் கூர்மையாக, எழுத்து துல்லியமாக, ஆலையின் குறுக்கு வாள் முத்திரையோடு, காய்ந்த புளியங்கொட்டையின் நிறத்தில் மினுங்கும். அந்த மினுக்கமே அதற்கு எமனாயிற்று. கடைக்குப் போக வேண்டிய காசைச் சேகரிப்பவர்கள் அள்ளிக்கொண்டார்கள். செலவழிக்க மனம் வராத காசு காசாக இருக்க முடியாது.

ஆகவே கண்ணை விட்டுவிட்டுக் கையைக் கேட்போம். ஐந்து யூரோத் தாள் 120க்கு 62 மில்லிமீட்டர், பத்து 127க்கு 67, இருபது 133க்கு 72. இவற்றில் நீளமும் அகலமும் படிப்படியாக மாறுகின்றன. பார்வையற்ற ஒருவர் விரலை வைத்தே எது எதுவென்று சொல்லிவிடலாம். நம் புதிய தாள்களில் நூறு, இருநூறு, ஐந்நூறு மூன்றும் ஒரே 66 மில்லிமீட்டர் அகலம்; நீளம் 142, 146, 150. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பேருந்து நெரிசலில் யார் அளப்பது? தொட்டு உணரக் கோடுகள் உண்டுதான். தாள் கசங்கிப் பழசானால் அதுவும் மழுங்கிவிடும். 2020இல் ரிசர்வ் வங்கி மணி என்ற செயலியைக் கொண்டுவந்தது: கைப்பேசிக் கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் என்று குரல் சொல்லும். நல்ல உதவி. ஆனால் கையிலிருக்கும் தாள் எதுவென்று அறியக் கைப்பேசி தேவைப்படுவது அச்சடித்தவரின் தோல்வி. இந்த இடத்தில் யூரோவுக்கு முழு மதிப்பெண், நமக்குத் தேர்ச்சிகூட இல்லை.

புழக்கம் இன்னும் சிக்கலான விஷயம். டிரெஸ்டன் ரொட்டிக்கடையில் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை. கல்லாவின் மேல் ஒரு சிறு தட்டு இருக்கும், அதில் வைக்க வேண்டும். கடைக்காரர் மீதியை வாய்விட்டு எண்ணி அதே தட்டில் வைப்பார். ஒரு சென்ட் பாக்கி என்றால் அந்த ஒரு சென்ட்டும் வரும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டும் வழக்கமில்லை. இடக்கையால் காசு நீட்டினாலே முகம் சுளிக்கும் ஊரிலிருந்து போனவருக்கு அந்தத் தட்டு முதலில் விலகலாகத்தான் தெரியும். போகப் போக அதன் வசதி புரியும்: யார் எவ்வளவு வைத்தார் என்பதில் வாய்த்தகராறுக்கே இடமில்லை.

ஆனால் அட்டை வாங்க மாட்டோம் என்று எழுதி ஒட்டிய கடைகள் இன்னும் இருக்கின்றன. கட்டண அட்டைகளுக்கான சில்லுகளில் பெயர்பெற்ற இன்ஃபினியான் நிறுவனத்தின் பெரிய ஆலை இருக்கும் ஊரில் இந்த அறிவிப்பைப் படிப்பது கொஞ்சம் விசித்திரம். ஜெர்மன் மத்திய வங்கியான பூண்டஸ்பாங்க் 2023இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் 51 விழுக்காடு ரொக்கம்; தொகை அளவில் 26 விழுக்காடுதான். அதாவது சின்னச் செலவு ரொக்கத்தில், பெரிய செலவு அட்டையில்.

இந்த ரொக்கப் பிடிப்புக்கு வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள். 1923இன் பணவீக்க நினைவு என்பது முதலாவது. எனக்கு இது பொருந்தவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு புதிய ரென்டன்மார்க்குக்கு ஒரு லட்சம் கோடி காகித மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நினைவு உயிரோடு இருந்தால் மக்கள் தாளை வெறுக்க வேண்டுமே தவிர, பையில் வைத்துக் கொஞ்சக் கூடாது. இரண்டாவது, உளவுக்கு அஞ்சிய பழக்கம். பாவுட்ஸ்னர் தெருவில் கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையான ஸ்டாசியின் சிறை இருந்த ஊரில் இதை எளிதாக ஒதுக்க முடியாது. தான் எங்கே என்ன வாங்கினோம் என்பது எந்த ஏட்டிலும் ஏறக்கூடாது என்று நினைப்பது நியாயமான உரிமை. ஆனால் அந்த உரிமை வாங்குகிறவருடையது. அட்டையை மறுப்பது விற்கிறவர். அட்டைக் கட்டணம் மிச்சம், சில இடங்களில் வரிக் கணக்கும் மிச்சம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இளநீர்க் கடையிலும் க்யூஆர் அட்டை தொங்கும் தமிழ்நாட்டைக் காட்டி ஜெர்மனியைப் பின்தங்கியது என்று சிலர் சிரிக்கிறார்கள். யுபிஐ பெருகிய அதே ஆண்டுகளில் இந்தியாவில் புழங்கும் ரொக்கமும் 30 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதை அவர்கள் கவனிப்பதில்லை. புழக்கத்தில் வெற்றி தோல்வி சொல்ல நான் தயாரில்லை.

தீர்ப்பைத் தீர்மானிப்பது வேறொன்று: செத்த தாளை அரசு எப்படி நடத்துகிறது? ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்டு, இந்தத் தொகையைத் தருவேன் என்று வாக்களிக்கிறார். யூரோத் தாளிலும் கையெழுத்து உண்டு, வாக்குறுதி கிடையாது. ஆனால் கிளாரா ஷூமான் இருக்கும் அந்த நூறு மார்க் தாளை இன்று பூண்டஸ்பாங்க் கிளையில் நீட்டினால், 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ வீதம் எண்ணிக் கொடுப்பார்கள். கெடு கிடையாது. பரணிலும் பழைய கோட்டுப் பையிலுமாக 1,200 கோடி மார்க்குக்கு மேல் இன்னும் வெளியே கிடக்கிறது. இது யூரோவின் பெருமையும் அல்ல. இதே யூரோவை ஏற்ற இத்தாலி 2011 இறுதியிலும் பிரான்ஸ் 2012 தொடக்கத்திலும் பழைய தாளுக்குக் கதவைச் சாத்திவிட்டன.

நம் பக்கம் 2016 நவம்பர் 8. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் செல்லாமல் போனது. வங்கியில் செலுத்த ஐம்பது நாள். அடுத்த ஆண்டு வந்த சட்டம், பழைய தாள் பத்துக்கு மேல் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2019இல் திருப்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் இரண்டு மூதாட்டிகள் மருத்துவத்துக்கும் ஈமச்சடங்குக்குமாகச் சேர்த்து வைத்த 46 ஆயிரம் ரூபாய் முழுக்கப் பழைய தாள் என்று தெரிந்து ஊரே வருந்தியது. 2023இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அரசின் முடிவு செல்லும் என்றது. கறுப்புப் பணத்தைப் பிடிக்கக் கெடு வேண்டும் என்ற வாதமும் தெரிந்ததே. ஆனால் செல்லாததாக்கிய தாளில் 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டது. வராமல் நின்றதில் பதுக்கல்காரரின் பணமும் இருந்திருக்கும், அந்த மூதாட்டிகளைப் போன்றவர்களின் பணமும் இருந்திருக்கும். கெடு இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஜெர்மனிக்கு இங்கே முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம் என்றால் டிரெஸ்டன்காரர்கள் விட மாட்டார்கள். பூண்டஸ்பாங்க் காப்பாற்றுவது மேற்கின் மார்க்கை மட்டும். கிழக்கின் மார்க்கை 1990இல் வங்கிக் கணக்கு வழியாகவே மாற்ற முடிந்தது: பெரும்பாலோருக்கு 4,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று, மேலே இரண்டுக்கு ஒன்று. மிஞ்சிய தாள்களை ஹால்பர்ஷ்டாட் அருகே ஒரு சுரங்கத்தில் போட்டு அடைத்தார்கள். 2002இல் எடுத்து எரித்தார்கள். செட்கின் தாள் இன்று பழம்பொருள் சந்தையில்தான் விலை போகும். ஒரு கிளாராவுக்குக் காலவரையற்ற மரியாதை, இன்னொரு கிளாராவுக்கு நெருப்பு.

அப்படியும் என் தீர்ப்பு அந்த மேற்கு மார்க்கின் பக்கம்தான், மூன்றில் அதுதான் முகமும் வைத்து, அளவும் மாற்றி, வாக்கையும் காப்பாற்றியது. யூரோ இரண்டாவது, படத்தில் கோட்டை விட்டாலும் கையை ஏமாற்றவில்லை. ரூபாய் கடைசி. பதினேழு மொழி, சாரநாத் சிங்கம், ஹம்பித் தேர் எல்லாம் இருந்தும் பின்தங்கக் காரணம் வடிவமைப்பாளர் மட்டும் அல்ல, காப்பாற்றாத வாக்கு. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கி பேத்தோவனையோ பறவையையோ எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும், தாளின் அளவை மட்டும் கெடுக்காமல் இருந்தால் போதும். மும்பையில் ரிசர்வ் வங்கி செய்ய வேண்டியது பெரிது: சிறு தொகையை மட்டுமாவது, அடையாள அட்டை பார்த்து, எந்த ஆண்டு வந்தாலும் மாற்றித்தரும் ஒரு சாளரம்.