வாடியா கட்டிய தேக்குக் கப்பல்

போர்க்கப்பல் என்றால் எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்றுதான் கேட்பார்கள். அந்தக் கணக்கில் ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’ தேறாது. திருகோணமலையின் பெயர் தாங்கிய இந்தப் பிரிட்டிஷ் பாய்க்கப்பல் பெரிய கடற்போர் எதையும் கண்டதில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. ரசிக்க வேண்டியது அதன் வீரத்தை அல்ல, கட்டிய கையை.

அந்தக் கை பம்பாய்ப் பார்சியான ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவினுடையது. 1816இல் அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்து வேலையைத் தொடங்கினார்கள். 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது. வடிவம் இரவல்தான். பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல் ஒன்றைப் பார்த்து ஆங்கிலேயர் வரைந்த ‘லீடா’ வகை அது. முதலில் அனுப்பிய வரைபடம், சுமந்து வந்த ‘ஜாவா’ கப்பலோடு 1812இல் அழிந்துபோக, இன்னொரு பிரதி வர வேண்டியிருந்தது.

மரம் மட்டும் இரவல் இல்லை, மலபார்த் தேக்கு. ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். ஆணி துருவேறினால் சுற்றியுள்ள மரமும் கெடும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஆணியைக் காக்கும், உளுப்பையும் எளிதில் அண்டவிடாது. ஓக் தட்டுப்பாட்டால் பம்பாய்ப் பக்கம் திரும்பிய ஆங்கிலேயருக்குக் கிடைத்தது அதைவிட மேலான பொருள். (தேக்குச் சிராய் ஏறினால் புண் சீழ்ப்பிடிக்கும் என்று மாலுமிகள் பயந்தது தனிக்கதை.)

1819இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் சேர்ந்தபோது போர் முடிந்து நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் கைதி. கப்பலுக்கு வேலையில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓரமாகக் கட்டிப்போட்டார்கள். சும்மா கிடப்பதுதான் மரக்கப்பலுக்கு எமன். மழைநீர் இறங்கி உள்ளிருந்தே மக்கவைக்கும். இதுவோ தாக்குப்பிடித்தது. 1840களில் பின்புறத்தை மாற்றி, பீரங்கிகளை 26ஆகக் குறைத்து, 1847இல் முதன்முறையாகப் பணிக்கு அனுப்பினார்கள். மேற்கிந்தியத் தீவுகள், அப்புறம் 1852 முதல் 1857 வரை பசிபிக். கிரீமியப் போர்க் காலத்திலும் அங்கே காவல்தான்.

பின்னர் பயிற்சிக் கப்பல். 1897இல் உடைக்க விற்றதை வீட்லி காப் என்பவர் மீட்டு, ‘ஃபூட்ராயன்’ என்று பெயர் மாற்றி இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். அந்தப் பணி 1986 வரை நீடித்தது. 1990இல் தொடங்கிய சீரமைப்பு 2001இல் முடிந்தபோது, உடலில் பாதிக்கு மேல் வாடியா காலத்து மரமே மிஞ்சியிருந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பலில் மூல மரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பார்கள். அது அரை நூற்றாண்டு மூத்தது, உண்மைதான். ஆனால் 1922 முதல் உலர்துறையில் நிற்கிறது, டிரிங்கோமலி தண்ணீரில்.