மாண்டிசோரி தத்துவமும் நம் ஓய்வுநாள் பள்ளியும்

1907-இல் ரோமாபுரியின் ஏழையர் குடியிருப்பொன்றில் மரியா மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய கல்விமுறை, 1939-இல் அவரோடே சென்னை அடையாற்றுக்கு வந்தது. பிரம்மஞான சபையில் அவர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆசிரியர் தம்மை ஒடுக்கிக்கொண்டு பிள்ளையைக் கூர்ந்து நோக்கவேண்டும் என்பதே அத்தத்துவத்தின் உயிர்நாடி. நாமோ ஓய்வுநாள் பள்ளிக்கு வண்ண அட்டைகளை வாங்கினோம், அதிகாரத்தை விட்டோமில்லை.

அம்மையாரிடத்தும் குறையுண்டு. இளம்பிள்ளைகளுக்குக் கற்பனைக் கதை கூறுவதை அவர் விரும்பவில்லை. உவமைகளால் போதித்த ஆண்டவரின் சீடர் இதனை ஏற்பதெங்ஙனம்? ஆயினும், கெட்ட குமாரன் உவமையைச் சொல்லி முடித்த மாத்திரத்தில், பிள்ளை வாய்திறக்குமுன் நாமே பொருளுரைத்துவிடுகிறோம். மூத்த குமாரன் பிறகு வீட்டிற்குள் சென்றானா என்று ஒரு பிள்ளை கேட்க எண்ணியிருக்கலாம். அதற்குள் மனப்பாட வசனத்திற்கு நேரமாகிவிடுகிறது.